மடங்கும் கால்கள்: முகாம் மேசையும் கம்பம் பள்ளத்தாக்கும்

சின்ன வீடுகளுக்குப் பழைய மடக்கு மேசை வாங்கிப் போடுவது இப்போது ஒரு ரசனையாகிவிட்டது. இரண்டு அறை அடுக்ககத்தில் நிரந்தரமாக ஒரு மேசைக்கு இடம் ஏது? சுவரோரம் மடித்துச் சாய்த்து வைத்தால், வேண்டியபோது விரித்துக்கொள்ளலாம். அது பழசாகவும் இருந்துவிட்டால் வருகிறவர்கள் விசாரிப்பார்கள், சொல்வதற்கு ஒரு கதையும் ஆச்சு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், உடைபட்ட செட்டிநாட்டு வீடுகளின் தூண்களுக்கும் நிலைகளுக்கும் நடுவில் இப்படி ஒரு மேசையை விரித்துக் காட்டிய கடைக்காரர் என்னிடம் சொன்னார்: "இது கேம்ப் டேபிள் சார். வெள்ளக்காரன் காலத்துது. எடத்த அடைக்காது." முகாம், வெள்ளைக்காரன், இடம். இந்த மூன்றும் ஒரே மேசையில் எப்படி வந்து சேர்ந்தன என்று அவருக்கு யோசிக்கத் தேவையில்லை. நமக்கு இருக்கிறது.

பொருள்களை வாசிப்பது என்றாலே நம் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு ழான் போத்ரியார் ஞாபகத்துக்கு வந்துவிடுவார். 1968இல் வெளிவந்த 'பொருள்களின் அமைப்பு' நூலில் அவர் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பேசுகிறார். ஒன்று: பழைய பூர்ஷ்வா வீட்டின் கனத்த சாமான்கள் போய், மடங்குகிற, நகர்கிற, ஒளிந்துகொள்கிற சாமான்கள் வந்ததற்கு இடநெருக்கடியே காரணம், அந்தப் பொருள்களுக்குக் கிடைத்த சுதந்திரம் வெறும் செயல்பாட்டுச் சுதந்திரம்தான். இரண்டு: தொன்பொருள் என்பது பயன்பாட்டை உதிர்த்துவிட்டுக் காலத்தை மட்டும் குறிக்கிற பொருள். பழைய மடக்கு மேசை இந்த இரண்டு பகுப்பிலும் ஒரேசமயத்தில் கால் வைத்து நிற்கிறது. பயன்படவும் செய்கிறது, காலத்தையும் குறிக்கிறது. ஆனால் நான் போத்ரியாரோடு மாறுபடுவது இதில் இல்லை. மடங்குகிற சாமான் இடமில்லாமையால் பிறந்தது என்கிறாரே, அங்கேதான். பாரிஸ் அடுக்ககத்தை வைத்துப் பார்த்தால் அது சரியாக இருக்கலாம். நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்த மடக்கு மேசைக்கு அது பொருந்தாது. கைக்குக் கிடைத்த இடம் அளவுக்கு மிஞ்சிப்போனதால் பிறந்த மேசை அது. ஒரு ஆள் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆள முடியாத அளவுக்கு நிலம் கைக்கு வந்துவிட்டால், மேசைக்குக் கால் மடங்கத்தான் வேண்டும்.

இங்கிலாந்தின் வீட்டுக்குள்ளேயே பதினேழாம் நூற்றாண்டில் கதவுபோல் திறக்கும் கால் கொண்ட மேசைகள் இருந்தன, பதினெட்டில் இருபக்கமும் பலகை தொங்கும் பெம்புரோக் மேசை வந்தது. இல்லையென்று சொல்லவில்லை. நான் பேசுவது கூடாரத்துக்கென்றே செய்யப்பட்ட மேசையைப் பற்றி.

அதன் வேலைப்பாட்டைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். மேல்பலகை நடுவில் பித்தளைக் கீலால் இரண்டாக மடியும். கால்கள் பெருக்கல் குறிபோலக் குறுக்கே விழுந்து ஒன்றோடொன்று படியும், அல்லது திருகிக் கழற்றுகிற மாதிரி இருக்கும். மூலைகளில் பித்தளைப் பூண். அது அழகுக்காக வந்ததல்ல. வண்டியில் இடிபட்டு மூலை சிதறாமலிருக்க அடித்தது. கூடவே வரும் பெட்டியின் பிடிகூட வெளியே துருத்தாமல் பலகைக்குள் அமுங்கியிருக்கும், பக்கத்துச் சுமையில் மாட்டிக்கொள்ளக் கூடாதே. அந்தப் பெட்டி மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாகப் பிரியும். சுமக்கிற மிருகத்தின் இரண்டு பக்கத்திலும் எடை சமமாக விழ வேண்டும் என்பது கணக்கு. தேக்கு, கற்பூர மரம் என்று கரையானுக்குப் பயந்து மரம் தேர்ந்திருப்பார்கள். இன்று நாம் வழவழப்பைத் தடவிப் பார்த்து 'என்ன நுணுக்கம்' என்று வியக்கிற ஒவ்வொரு இடமும், இதை இன்னொருவர் தூக்கிக்கொண்டு நடப்பார் என்ற நிச்சயத்தின் மேல் செய்யப்பட்டது. மேசையில் உட்காருகிறவரின் உடம்பை வைத்து மட்டும் இதன் வடிவம் தீரவில்லை. சுமக்கிற முதுகும் அதன் அளவைத் தீர்மானித்திருக்கிறது.

வடிவமைப்பு வரலாறு எழுதுகிறவர்கள் இந்த முதுகைச் சுலபமாகக் கழற்றிவிடுகிறார்கள். ரூர்க்கி நாற்காலி என்று ஒன்று உண்டு. ராணுவப் பொறியாளர்களின் ஊரான ரூர்க்கியின் பெயரால் வழங்குவது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பரவியது. பசை கிடையாது, கழற்றிச் சுருட்டினால் ஒரு மூட்டை. டேனிஷ் வடிவமைப்பாளர் கோரே கிளிந்த் 1933இல் அதை வைத்து 'சஃபாரி நாற்காலி' செய்தார். நவீனத்துவத்தின் எளிமை என்று அது கொண்டாடப்பட்டது. எளிமைதான். சுமைகூலியின் எளிமை எப்படி ஐரோப்பிய வரவேற்பறையின் எளிமையாக மொழிபெயர்ந்தது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

எம்.ஏ. தமிழ் படித்தவன் என்பதால் இந்த இடத்தில் முல்லைப்பாட்டைத் தொடாமல் போக முடியவில்லை. நப்பூதனாரின் 103 அடிகளில் பாதிக்கு மேல் பாசறைதான். காட்டை வெட்டி எழுப்பிய கூடாரங்கள், யவனர் காவல், தூங்காத அரசன். வகுப்பில் எங்களுக்கு அதை வீரமாகவும் பிரிவாகவும் சொல்லிக்கொடுத்தார்கள். தொல்காப்பியர் முல்லைக்குப் புறனாக வஞ்சியை வைத்தார். வஞ்சி என்பது மண்ணாசையால் எழும் படையெடுப்பு. பாசறையில் ஒருவன் நகர்ந்துகொண்டே இருப்பதற்கு வீட்டில் ஒருத்தி இருந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்குப் பெயர் 'இருத்தல்'. கூடாரத்தை அவிழ்த்துக் கட்டித் தூக்கிப்போனவர்களுக்கு எந்தத் திணையும் ஒதுக்கப்படவில்லை. மடக்கு மேசையை நான் வஞ்சித்திணைப் பொருள் என்று சொல்வேன். தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இனி பள்ளத்தாக்குக்கு வருவோம். கூடலூரைத் தாண்டிக் குமுளி மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு ஊர் இருக்கிறது. பெயர் லோயர் கேம்ப். பேருந்துப் பலகையில் தமிழெழுத்தில் இப்படித்தான் இருக்கும். முகாம் போய்விட்டது, 'முகாம்' மட்டும் ஊர்ப்பெயராக உட்கார்ந்துவிட்டது. 29 அக்டோபர் 1886 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியாவுக்கான அரசுச் செயலருக்கும் 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. 1887இல் பெரியாற்றின் குறுக்கே வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. கர்னல் ஜான் பென்னிகுவிக்கும் உடனிருந்த பொறியாளர்களும் எட்டு வருஷம் காட்டில் முகாமிட்டு ஆண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். வரைபடம், கூலிப்பட்டியல், சுண்ணாம்புக் கணக்கு, சாவுக்கணக்கு எல்லாம் மேசைமேல் விரிந்தவை. அன்று தேனிப் பக்கம் ரயில் கிடையாது, போடிக்கு ரயில் வந்ததே 1928இல்தான். சமவெளியிலிருந்து வந்த சாமான்கள் பெரும்பாலும் மாட்டு வண்டியில் வந்தவை, தலைச்சுமையில் ஏறியவை.

அந்தச் சாவுக்கணக்கில் நோயால் இறந்தவர்கள் 483 பேர். அணைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். மலேரியாக் காய்ச்சல். பதிவேட்டில் ஏறியவர்களின் எண் இது. காய்ச்சலோடு மலையிறங்கி ஊர் போய்ச் செத்தவனைப் பதிய அங்கே மேசை போடவில்லை.

இதைச் சொன்னதும் கம்பம், கூடலூர்ப் பக்கத்து நண்பர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். பென்னிகுவிக் அங்கே வெறும் வெள்ளைக்கார அதிகாரி இல்லை. ஜனவரி 15 அவருடைய பிறந்த நாளும் பொங்கலும் ஒன்றாக வருவதால் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள், டீக்கடையில் படம் மாட்டுகிறார்கள், பிள்ளைக்குப் பெயர் விடுகிறார்கள். 2013இல் லோயர் கேம்பில் மணிமண்டபமும் திறந்தாயிற்று. இருபோக நெல் விளைகிற மண்ணின் நன்றியைப் 'பின்காலனிய மயக்கம்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிற விமர்சகர்கள்மேல் எனக்கு மரியாதை கிடையாது. தண்ணீர் வந்தது உண்மை. ஆனால் சனங்கள் சொல்கிற ஒரு கதையை உற்றுக் கேட்க வேண்டும். பணம் நின்றுபோனதும் பென்னிகுவிக் சீமைக்குப் போய்ச் சொத்தையும் வீட்டுச் சாமான்களையும் மனைவி நகையையும் விற்று அணையைக் கட்டினார் என்பது அந்தக் கதை. அணை அரசாங்கப் பணத்தில் கட்டப்பட்டது. இருந்தும் கதை நிற்கிறது. நான் இதை இப்படி வாசிக்கிறேன்: சாமானோடு வந்து சாமானோடு போன அதிகாரியைத்தான் சனங்கள் பார்த்திருக்கிறார்கள். நேசிக்க வேண்டுமென்றால் அவனிடமிருந்து சாமானைப் பிடுங்கிவிட வேண்டியிருக்கிறது. மேசை நாற்காலியை விற்றுவிட்ட வெள்ளைக்காரன்தான் குலசாமியாக முடியும்.

மற்ற மேசைகளை அப்படி யாரும் நேசிக்கவில்லை. 'மேசை' போர்த்துக்கீசியச் சொல். 'முகாம்' அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. 'முன்னால் நிற்பது' மட்டும் சுத்தத் தமிழ். பசலி ஆண்டுக் கணக்கு முடிக்க அதிகாரி தாலுகாவுக்கு வந்து உட்காரும் ஜமாபந்தி இன்றைக்கும் நடக்கிறது. மேசைக்கு அந்தப்பக்கம் ஒரு நாற்காலி, இந்தப்பக்கம் ஒரு வரிசை. குற்றப் பரம்பரைச் சட்டத்தை இந்தப் பக்கத்தில் 'ரேகைச் சட்டம்' என்றுதான் சொல்வார்கள். சட்டத்தின் பெயரில் இருக்கும் அவமானத்தைவிட மேசைமேல் கட்டைவிரலை அழுத்திய அவமானம்தான் நினைவில் தங்கியிருக்கிறது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் மறுத்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் உட்படப் பலர் செத்தார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போயிற்று. கிராமத்துக் கர்ணத்திடம் மேசைகூடக் கிடையாது. திண்ணையில் சம்மணமிட்டு, முன்னால் சாய்வுப்பலகை வைத்த கணக்குப்பெட்டி. அவர் திண்ணையில் இருக்க, கேட்க வந்தவன் சாதிக்குத் தக்கபடி படியிலோ தெருவிலோ நின்றான். 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிந்தன. கணக்குப்பெட்டிகள் பழம்பொருள் கடைக்குப் போயின. அவையும் இன்று 'சின்ன வீட்டுக்கு ஏற்ற தரை மேசை' என்று விலை போகின்றன.

'விண்டேஜ்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தொன்பொருள் என்றால் நூறு வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அறுபது வருஷத்து மேசைக்கு அந்தத் தகுதி இல்லை. அதனால் வியாபாரிகளுக்கு 'விண்டேஜ்' தேவைப்படுகிறது. அது திராட்சை அறுவடையைக் குறித்த சொல். எந்த வருஷத்துப் பழம் என்பதில்தான் மதுவின் மதிப்பு. கம்பம் பள்ளத்தாக்கு திராட்சை விளைகிற பூமி. சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் பன்னீர்த் திராட்சை வருஷம் முழுக்கக் காய்க்கிறது, பந்தலடியிலேயே கிலோ கணக்கில் விலை பேசி ஏற்றுகிறார்கள். எந்த வருஷத்துக் காய் என்று கேட்டால் சிரிப்பார்கள். காலத்தைச் சேமித்து விற்க முடியும் என்பது சேமிக்க இடமிருப்பவனின் எண்ணம்.

இதையெல்லாம் சொல்வதால் மடக்குதல் என்பதே ஆள்பவனின் கண்டுபிடிப்பு என்றாகிவிடாது. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் ராவுத்தர் வீடுகளில் குர்ஆன் வைத்து ஓதும் மரப்பலகையைப் பாருங்கள். ஒரே பலகையை வகிர்ந்து, கீலே இல்லாமல் மரத்தையே கீலாக்கி, விரித்தால் புத்தகத்தைத் தாங்கும் இரண்டு கைபோல நிற்கும். மடித்தால் மாடத்தில் செருகிவிடலாம். அதன் முன்னால் யாரும் நிற்க வேண்டியதில்லை. ஓதுகிறவரும் தரையில், கேட்கிறவரும் தரையில். மடங்குகிற பொருளெல்லாம் ஒரே அரசியலைப் பேசுவதில்லை என்பதற்கு இந்த ஒரு பலகை போதும்.

பந்தி மேசைதான் இதில் சிக்கலானது. தரையில் பாய் விரித்து இலை போட்ட காலம் போய், சாமியானாக் கடையில் வாடகைக்கு எடுத்த இரும்புச் சட்ட மேசைகள் கல்யாண வீட்டுக்கு வந்தன. வேன் வந்து நிற்கும், பையன்கள் தடதடவென்று கால்களை உதறி விரிப்பார்கள், மேலே காகிதச் சுருள் ஓடும். வாடகை மேசைக்குச் சாதி கிடையாது என்று ஒரு தோழர் மேடையிலேயே சொன்னார். நேற்று அந்தத் தெருவில், இன்று இந்தத் தெருவில். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரேகை மேசைக்கு முன்னால் நின்றவர்களெல்லாம் தங்களுக்குக் கீழே என்று நினைத்தவர்களைத் தங்கள் பந்தியில் உட்காரவைத்துவிடவில்லை. 1989 போடிக் கலவரத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மேசை தெரு மாறுகிறது. ஆள் மாறுகிறாரா? இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். மேசை சாப்பிடுகிறவரைத் தரையிலிருந்து உயர்த்தியது. எச்சில் இலை எடுக்கிறவரின் கூலியையோ மரியாதையையோ அது உயர்த்தவில்லை. தேனிக்காரரான ம. காமுத்துரை 'குதிப்பி' நாவலில் கல்யாணத்தை அடுப்படிப் பக்கமிருந்து, சமையல் தொழிலாளிகளின் பக்கமிருந்து எழுதினார். பந்தியை இலை எடுப்பவரின் பக்கமிருந்து யாராவது எழுத வேண்டும்.

மேசையே வராத இடங்களும் உண்டு. போடியில் ஏலக்காய் ஏலம் கணினித் திரைக்கு மாறி வருஷக்கணக்காயிற்று. வியாபாரிகளுக்கு வரிசையாக மேசையும் திரையும். அந்தக் காயைத் தரம் பிரிக்கிற பெண்கள் தரையில் சுளகோடு உட்கார்ந்திருக்கிறார்கள். விடியுமுன் கம்பமெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஜீப்புகளில் அடைந்துகொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்கு 'இடத்தை அடைக்காமல்' இருப்பது எப்படி என்று பாடம் எடுக்கத் தேவையில்லை.

மலைமேல் அவர்கள் தங்குகிற லைன் வீடு, லயம். (இசையில் லயம் வேறு. வரிசை என்ற இங்கிலீஷ் சொல்தான் இங்கே லயமாயிற்று, இலங்கை மலையகத்தில் லயன்.) 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளி வீடு கொடுக்க வேண்டும் என்றது. கொடுத்தது ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் ஒட்டு வராந்தா. அங்கே எல்லாமே மடங்கும். பாய் மடங்கும், துணி கொடியில் மடங்கும், டிரங்குப் பெட்டிமேல் நோட்டை வைத்துப் பிள்ளை எழுதும்போது அதன் முதுகும் மடங்கும். பல லயங்கள் கடைக்காரர் காட்டிய மேசையைப் போல வெள்ளைக்காரன் காலத்தவைதான். அவற்றை யாரும் விண்டேஜ் என்பதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு ராஜமலையில் பெட்டிமுடி லயங்கள்மேல் மலை சரிந்தது. 70 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் கயத்தாறுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளாக அங்கே வேலைக்குப் போன தமிழர்கள். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த சாமான்கள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

இந்த லயங்களுக்கு மேலே, நல்ல காற்றோட்டமான மேட்டில், துரை பங்களாக்கள் இருந்தன. அவற்றில் சில இன்று விருந்தினர் விடுதிகள். வராந்தாவில் போட்டிருக்கும் மடக்கு மேசையில் காலைத் தேநீர். இங்கிருந்தும் சாமான்கள் கைமாறிச் சந்தைக்கு வருகின்றன. கீறல், மைக்கறை, பித்தளைக் கறுப்பு எல்லாம் விலையைக் கூட்டும். கிடைக்காவிட்டால் புது மேசையிலேயே சங்கிலியால் அடித்துக் கீறல் உண்டாக்கித் தருகிற தச்சுப்பட்டறைகளும் இருக்கின்றன. உழைப்பின் தடத்தைக் காசு கொடுத்துப் போடச் சொல்கிற காலம்.

அப்படியானால் அந்த மேசையை வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வாங்குங்கள். வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு மடங்குகிற மேசை வசதிதான். பொருளைப் பகிஷ்கரித்தால் வரலாறு சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. என் சண்டை விற்பனைச் சீட்டில் இருக்கிற வாக்கியத்தோடுதான். 'இடத்தை அடைக்காது' என்கிறதே, அதோடு. நகர வீடு சுருங்கியதற்கு ஒரு காரணம் உண்டு: நிலவிலை. லயம் சுருங்கியதற்கு ஒரு காரணம் உண்டு: கூலி. இந்த இரண்டையும் மறைத்துச் சுருக்கத்தையே ரசனையாக விற்பதற்கு, ஒருகாலத்தில் யாருடைய இடத்திலெல்லாமோ விரிந்த மேசையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். வாங்குகிறவர் அதைத் திருப்பிப் போட்டு அடிப்பலகையையும் பார்க்கட்டும். கயிறு கட்டிய தழும்பு அங்கேதான் இருக்கும்.

முகாம் மேசைக்கு நியாயமான வாரிசு யார் என்று என்னைக் கேட்டால், தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொடுப்பவரைச் சொல்வேன். அதே மடங்கும் கால், அதே தற்காலிகம், அதே காகிதம். அவர் மட்டும் மேசையைத் திருப்பிப் போட்டுவிட்டார். வரிசையில் நிற்கிறவனின் பக்கத்திலிருந்து எழுதுகிறார். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், கூட்டுறவுக் கடன், காணாமல்போன குடும்ப அட்டை. உத்தமபாளையத்தில் இப்படி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பலகை விரிசல் விட்டு, ஒரு காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார். தட்டச்சு மிஷின் வீட்டில் தூங்குகிறது. எல்லாம் கணினியில் போனபின் கைமனு குறைந்துவிட்டது, இப்போது படிவம் நிரப்பிக்கொடுப்பதுதான் அதிகம். சாயங்காலம் மேசையை மடித்து எதிர்த்த டீக்கடையில் போடுகிறார், அதற்கு மாசம் ஒரு தொகை. "ஆபீஸ் உள்ள ஒரு ஓரமா போட்டுக்கிறேன்னு கேட்டேன். எடம் இல்லைன்ட்டாங்க" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். உடைந்த நாற்காலிகளும் பழைய கட்டுகளும் கிடந்தன. இடம் இருந்தது.